ஒரு வேலை நாள் தாமதம்

செய்தித்தாள் வந்ததும் நான் முதலில் படிப்பது டெண்டர் அறிவிப்புகளை. ஆவடிப் பக்கம் ஒரு படைத்துறைத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவனுக்கு வேறு எதைப் படிக்கத் தோன்றும்? ஓய்வு பெற்று முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. எனக்கு வேண்டிய பக்கத்தின் மறுபுறத்தில்தான் காலமானவர்கள் படங்கள் வரும். அது என் மனைவிக்கு வேண்டும். காலையில் எங்களுக்குள் நடக்கும் ஒரே சண்டை அதுதான்.

அந்த அறிவிப்பு அப்படித்தான் கண்ணில் பட்டது. வெல்டிங் பட்டறைகளுக்கு ஆக்சிஜன், ஆர்கான் போன்ற வாயுக்களைச் சிலிண்டரில் அடைத்து விற்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாக இணையப் போகின்றன. சந்தையில் போட்டி குறையாமல் பார்த்துக்கொள்ளத் தில்லியில் ஓர் ஆணையம் இருக்கிறது. இந்த இணைப்பு பற்றி யாருக்காவது கருத்தோ ஆட்சேபமோ இருந்தால் பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று அது கேட்டிருந்தது. அஞ்சல் முகவரியும் மின்னஞ்சல் முகவரியும் கீழே இருந்தன. எறும்பு அளவு எழுத்து. கத்தரித்தேன், ஓரத்தில் தேதி எழுதினேன், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. எஸ்.எஸ். என்னும் எவர்சில்வர்த் தகட்டில் வேலை செய்யும் சின்னப் பட்டறை, நான்கு ஆட்கள். கல்யாண மண்டபங்களுக்குச் சாம்பார் அண்டா, ஓட்டல்களுக்கு இட்லி கொப்பரை, பால் வியாபாரிகளுக்கு டாங்க். எஸ்டேட் வருவதற்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்த விவசாயக் குடும்பம். விலை பேச வருபவர்களிடம், "எங்க பாட்டன் கேவுரு போட்ட எடத்துல நின்னுகினு என்கிட்டயே வெல பேசுறியா நைனா?" என்பார். வாதத்தில் எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். விலை மட்டும் குறைந்துவிடும்.

எங்கள் நட்பின் தொடக்கம் அவ்வளவு இனிமையானதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தொழிற்சாலைக்குத் தள்ளுவண்டி செய்து தர ஒரு கொட்டேஷன் கொண்டுவந்தார். டெண்டர் பெட்டி மூன்று மணிக்கு மூடப்பட்டது. இவர் வந்தது மூன்று பத்துக்கு. வாங்க மறுத்தேன். மாலை ஐந்தரைக்கு நான் சைக்கிளில் வெளியே வந்தபோது கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்து, "ரூலுன்னா இன்னான்னு சொல்லு சார், அட்த்த தபா கரீக்டா வரேன்" என்றார். அன்று தொடங்கி அவருடைய கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்து வருகிறேன்.

அறிவிப்பைப் படித்துச் சொன்னேன். கண்ணில் இருந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாயிட்டா எனக்கு இன்னா சார்?"

"ஒரு கம்பெனிக்கு எஸ்டேட்டுக்குள்ளேயே ஃபில்லிங் பிளான்ட் இருக்கு. இன்னொண்ணுக்குத் திருவள்ளூர் தாண்டி. ரெண்டும் ஒரே முதலாளிதுன்னா ரெண்டு பிளான்ட் எதுக்குங்க? ஒண்ணை மூடுவான்."

"எத்த?"

"உங்களுக்குப் பக்கத்துல இருக்கறதை."

அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆர்கான் இல்லாமல் எஸ்.எஸ். தகட்டில் பால் டாங்குக்கு ஏற்ற ஒட்டுப் போட முடியாது. சிலிண்டர் பாதி வேலையில் தீரும்போது ஒரு கம்பெனிக்குப் போன் செய்வார். நாளைக்குத்தான் என்றால் மற்றதைக் கூப்பிடுவார். மற்றவன் ஒரு மணி நேரத்தில் மினி லாரியில் கொண்டுவந்து இறக்குவான். போட்டி என்பது அவ்வளவுதான். இதையே பின்னால் ஆணையம் பல பக்கங்களில், வரைபடங்களோடு, யாருக்கும் புரியாதபடி எழுதியது.

எஸ்டேட்டின் அந்தப் பகுதிச் சிறு பட்டறைகளுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் ரப்பர் கேஸ்கட் செய்பவர், பக்தர். மூன்றாம் நாளே கூட்டம் போட்டோம். ஆட்சேபம் தெரிவிப்பது என்று தீர்மானம். வரைவு எழுதும் பொறுப்பு எனக்கு. எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான கோப்பு. பொருள், பார்வை, இணைப்புகள் ஒன்று முதல் ஒன்பது வரை. பத்திரிகைத் துணுக்கை இணைப்பு ஒன்றாக வைத்து, "வெளியான அன்றே சங்கத்தின் கவனத்துக்கு வந்தது" என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினேன். கூட்டத் தீர்மானம் இணைப்பு இரண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண். அச்செடுத்துப் பார்த்தபோது, பழைய கணக்குத் தணிக்கையாளர் யாராவது உயிரோடிருந்து இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

தலைவரின் கையெழுத்தும் சங்கத்தின் சீலும் மட்டும் பாக்கி. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் கோப்போடு போனது புதன்கிழமை, ஆயுத பூஜை அன்று.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் லேத், டிரில், ஸ்பேனர் மட்டுமல்ல. அலுவலக மேசையில் இருப்பதெல்லாம் ஆயுதம்தான். லெட்டர்பேடு, ரசீது புத்தகம், தீர்மானப் புத்தகம், ரப்பர் சீல், மை டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலையோடு அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார் தலைவர். கற்பூரம் காட்டி முடிந்திருந்தது.

"கையெழுத்து இப்பவே போட்டுடறேன் சார். சீலைத் தொட முடியாது. பூஜையில வெச்சுட்டேன்."

"நாளைக்கு விஜயதசமி. எடுத்துடுவீங்கள்ல?"

"நாளைக்கு விடியக்காலம் குடும்பத்தோட காளஹஸ்தி. ஞாயித்துக்கிழமை வந்து மறுபூஜை போட்டு நானே எடுக்கறேன். வேற யாரும் எடுக்கக் கூடாது. போன வருஷம் வாட்ச்மேன் எடுத்தான், மூணு மாசம் ஆர்டரே வரல." அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, உட்காராமலே சொன்னார்: "கையெயுத்து கீதுல்ல? சீலு இல்லாட்டி பரவால்ல சார். போன்ல போட்டோ புட்ச்சி மெயில்ல தட்டிவுடு."

"சீல் இல்லாத கடிதம் சங்கத்தோட கடிதமே இல்லைங்க. குப்பையில போட்டுடுவான்."

"சங்கம் வோணாம். என் பேர்ல அனுப்பு. நான் சிலிண்டர் வாங்குறவன். எனக்குத்தான பேஜாரு?"

"தனி ஆளா எழுதினா மதிப்பிருக்காது. திங்கட்கிழமை சீலோட போகட்டும். ஒரு வேலை நாள்தான் தாமதம். காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லி ஒரு பாரா சேர்த்துடறேன்."

சிரித்தார். "எனக்குப் பத்து நிமிசம் மன்னிக்கல நீ. அவன் உனக்கு ஒரு நாள் மன்னிப்பானா?"

நானும் சிரித்தேன். மனைவி மோர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் கண்முன்னே மேசையில் கிடந்தது அந்தத் துணுக்கு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், மின்னஞ்சலில் எழுதலாம். சீல் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாறு முறை படித்திருந்தேன். அறிவிப்பு கேட்டதைவிட அதிகமாக எனக்கு விதிமுறை தெரியும் என்பதுதான் சிக்கல். சீல் இல்லை என்று எத்தனை பேருடைய தாள்களைத் திருப்பியிருக்கிறேன். அதே மாதிரித் தாள் ஒன்றை என் கையால் அனுப்ப மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை, குங்குமம் ஒட்டியிருந்த சீல், ஒன்பது இணைப்புகளிலும் பளிச்சென்று விழுந்தது. பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம். பத்து நாள் கழித்து ஒரு வரிப் பதில்: குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வந்ததால் பரிசீலிக்க இயலவில்லை.

சில மாதங்களில் ஆணையம் அந்த நிறுவனங்களின் இணைப்பை அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு. வேறொரு மாநிலத்தில் இருக்கும் ஒரு பிளான்ட்டை விற்றுவிட வேண்டுமாம். அங்கே யாரோ நேரத்தோடு ஆட்சேபம் அனுப்பியிருந்தார்கள். அம்பத்தூர்ப் பகுதியிலிருந்து குறிப்பிடத்தக்க ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று உத்தரவில் இருந்தது. அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன். பட்டறைக்காரருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

உத்தரவால் பாதிக்கப்பட்டவர்கள் அறுபது நாட்களுக்குள் தில்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போவோம் என்றேன். சங்கத்தில் பாதிப் பேர் நழுவினார்கள். பட்டறைக்காரர் மட்டும், "நீ சொன்னா சரி சார்" என்று சங்கத்தோடு தானும் ஒரு மனுதாரராகக் கையெழுத்திட்டார். என்னோடு வேலை பார்த்தவரின் மகள் தில்லியில் வழக்கறிஞர். கோப்பை அனுப்பினேன். அறுபது நாளில் நாற்பத்தோராம் நாளே தாக்கல் செய்யத் தயார். அன்றிரவு எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அங்கிள், இந்தக் கவரிங் லெட்டர் யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். "அதான் பிரச்சினை. அறிவிப்பு எங்க கண்ணுலயே படலைன்னா, கேட்காமயே முடிவெடுத்துட்டாங்கன்னு வாதாடலாம். நீங்க பார்த்த தேதி, தீர்மானம் போட்ட தேதி, எல்லாத்தையும் வரிசையா வெச்சிருக்கீங்க. இது ஆணையத்தோட ரெக்கார்டுல ஏறியாச்சு. எடுக்க முடியாது."

"உண்மையைத்தானேம்மா எழுதினேன்."

"ஆமா அங்கிள்" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

தாக்கல் ஆனது. தடை உத்தரவு கேட்டோம். எதிர்த்தரப்பு பதில் சொல்லட்டும் என்று தள்ளிவைத்தார்கள். பதில் தயாராகவில்லை என்று மறுபடி தள்ளிவைத்தார்கள். அமர்வில் ஓர் உறுப்பினர் குறைவு என்று மறுபடியும். அதற்குள் எஸ்டேட் பிளான்ட்டின் கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. உள்ளே இருந்த தொட்டிகளைக் கிரேனில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் முழுக்க அந்தத் தெருவில் வண்டி போகவில்லை. நானும் நண்பரும் ஓரமாக நின்று பார்த்தோம். அவர் போகும் தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான், வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொத்தை அப்புறப்படுத்துவது பற்றிய சட்டநிலையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சிலிண்டர் வேண்டுமென்றால் ஒரே ஒரு எண். குறைந்தது ஆறு சிலிண்டராவது எடுக்க வேண்டும், மூன்று நாள் முன்னால் சொல்ல வேண்டும். இவருக்கு வாரத்துக்கு ஒன்றரை போதும்.

"தமிளுக்கு அஞ்சு அமுக்கணுமாம் சார். அமுக்கினா பாட்டு பாடுது. பாட்ட கேட்டுகினே டாங்கு ஒட்டச் சொல்றான் போல."

கரையான்சாவடிப் பால் வியாபாரி ஒருவருக்கு ஒரு டாங்க் செய்துகொண்டிருந்தார். அடிப்பக்க ஒட்டு பாதியில் நிற்க ஆர்கான் தீர்ந்தது. எட்டு நாள் அந்த டாங்க் பட்டறை நடுவில் கவிழ்ந்து கிடந்தது. மற்றப் பட்டறைகளில் கடன் கேட்டுப் பார்த்தார், அவர்களுக்கே இல்லை. ஒன்பதாம் நாள் பால்காரர் டெம்போவோடு வந்து, பாதி டாங்கை அப்படியே ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். அந்த மாதம் இரண்டு வெல்டர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போனார்கள்.

விசாரணை நாள் ஒருவழியாக வந்தது. காணொளியில் பார்க்கலாம் என்றார்கள். சங்க அறையில், தலைவர் தன் மடிக்கணினியை அம்மன் படத்துக்குக் கீழே வைத்து, அதற்கும் ஒரு பூ வைத்தார். எங்களுடையது முப்பத்தொன்றாவது வழக்கு. காலை பத்தரைக்கு உட்கார்ந்தவர்களுக்கு மதியம் மூன்றே முக்காலுக்கு முறை வந்தது. ஏழு நிமிடம் நடந்தது.

எங்கள் வழக்கறிஞர் எழுந்து, சிறு பட்டறைகளுக்கு இரண்டு விற்பனையாளர் ஏன் வேண்டும் என்று தொடங்கினாள். நன்றாகவே தொடங்கினாள். எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் மெல்ல எழுந்து, ஒரு தாளை மட்டும் படிக்க அனுமதி கேட்டார். படித்தது என் கடிதம். இணைப்பு ஒன்று: அறிவிப்பைப் பார்த்த தேதி. இணைப்பு இரண்டு: தீர்மானத் தேதி, கெடுவுக்கு ஏழு வேலை நாள் முன்னதாக. பிறகு நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். சீல் சமயச் சடங்கில் இருந்ததால் தாமதம் நேர்ந்தது. அவர் உச்சரிப்பு அருமையானது. என் ஆங்கிலம் அவ்வளவு அழகாக ஒலித்து நான் கேட்டதில்லை.

அமர்வில் ஒருவர் கேட்டார், மனுதாரருக்கு மின்னஞ்சல் இல்லையா என்று. யாரோ சிரித்தார்கள். எங்கள் வழக்கறிஞரும் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா சார் சொல்றாங்க? எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்று பட்டறைக்காரர் என் முழங்கையைத் தொட்டார்.

"தேதி விஷயம்" என்றேன்.

தள்ளுபடி. கேட்டபோது பேசாமல் இருந்தவர்கள் இப்போது தங்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று மறுவாரம் இரண்டு பத்தியில் உத்தரவு வந்தது. மற்ற சட்டக் கேள்விகள் எல்லாம் திறந்தே விடப்படுகின்றன என்று முடித்திருந்தார்கள். எஸ்டேட்டில் மூடிக் கிடந்தது பிளான்ட் மட்டும்தான். கடிதம் நேரத்தில் போயிருந்தாலும் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு வேறு காரணம் கிடைத்திருக்கும் என்று வழக்கறிஞர் ஆறுதல் சொன்னாள். இருக்கலாம். ஆனால் இந்தக் காரணத்தை நானே பக்க எண் போட்டுத் தைத்துக் கொடுத்திருந்தேன்.

விசாரணை நடந்த அன்று மாலையே டீக்கடையில் நின்றோம். தலைவர் எங்களோடு வரவில்லை, விளக்கேற்றும் நேரமாம்.

"அந்தாளு படிச்சது உன் லெட்டர் தான சார்?"

"எப்படித் தெரியும்?"

"இத்தினி வருசம் எனக்கு எயுதிக் குடுத்துகினு கீற. எனக்கு இங்கிலீசு வராது. ஆனா உன் இங்கிலீசு தெரியும்." டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "ரெண்டாவது டீ சொல்லட்டா?" என்றார்.

அதற்கும் மேல் ஒரு படி இருக்கிறது. உச்ச நீதிமன்றம், அதற்கும் அறுபது நாள். நாற்பது நாளில் மனு வரைவைத் தயார் செய்துவிட்டேன். இந்த முறை சங்கம் வேண்டாம், அவர் பெயரிலேயே. வக்காலத்துத் தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

வாசலில் இரும்பு கேட்டுகள் சாய்த்து வைத்திருந்தன. உள்ளே அவர் ஒருவர்தான். பட்டாபிராமில் புதிதாக எழும் வீடுகளுக்குக் கிரில் கேட் செய்கிறாராம். சாதாரண ராடு, கரண்டு வெல்டிங்.

"இதுக்கு ஆர்கான் வோணாம் சார்" என்றார்.

தாளை நீட்டினேன். எங்கே கையெழுத்து என்று கேட்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"இதுல செயிச்சா, அந்த பிளான்ட்ட மறுபடி கட்டுவானா?"

"அதுக்கு உத்தரவு போட மாட்டாங்க. ஆணையம் மறுபடி விசாரிக்கணும்னு திருப்பி அனுப்பலாம்."

"திருப்பி அனுப்சா?"

"மறுபடி அறிவிப்பு வரும். கருத்துக் கேட்பாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "இந்த டேப்ப அந்த முனையில புடி சார்" என்றார். பிடித்தேன். கேட்டின் மூலைக்கு மூலை அளந்து, சாக்கட்டியால் தரையில் எழுதினார். கால் அங்குலம் கோணல். சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னார். மூன்று முறை அளந்தோம். வக்காலத்துத் தாள் என் சட்டைப் பைக்குள் மடங்கியே இருந்தது.

அறுபதாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கறிஞர் காலையில் இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டாவது முறை எடுத்து, வேண்டாம்மா என்றேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பிறகும் போடலாம் அங்கிள், என்றாள். தெரியும் என்றேன். மதியம் பட்டாபிராமுக்குப் போனேன், கேட்டை மாட்டுவதற்கு ஒரு கை குறைகிறது என்று அவர் சொல்லியிருந்ததால். நான் மின்னஞ்சல் அனுப்பாத அந்த வெள்ளிக்கிழமை பற்றி அவர் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கீலில் எண்ணெய் விடச் சொன்னார், விட்டேன். வீட்டுக்காரர் வந்து கேட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, எஸ்.எஸ். கேட் கேட்டிருந்தேனே என்றார்.

"இப்பல்லாம் அது செய்றதில்ல நைனா" என்றார் அவர்.